ஜவ்வாது மலையடிவாரத்துக்கு எந்த விமானம் வரும்?

ஜவ்வாது மலைக்கு வடக்கே வேலூர், தென்மேற்கே சேலம். இரண்டு ஊரிலும் ஓடுதளம் இருக்கிறது. சேலத்துக்கு விமானம் வரும், சில வருடம் ஓடும், நின்றுபோகும், பிறகு வேறொரு கம்பெனி பெயரில் மறுபடி வரும். வேலூர் அப்துல்லாபுரத்தில் அந்தக் கதை கூடக் கிடையாது. உடான் திட்டத்தில் சேர்த்தார்கள், செலவு செய்தார்கள், ஓடுதளத்தையும் கட்டிடத்தையும் சரி பண்ணினார்கள். ஆனால் 2024 முடியும் வரை டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறும் வழக்கமான விமானம் ஒன்று கூட அங்கிருந்து கிளம்பவில்லை.

டீக்கடையில் கேட்டால் இதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, நம்ம ஊர் எம்.பி. சரியில்லை. இரண்டு, கூட்டம் வராது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலூருக்கு வரக்கூடிய விமானத்தை எந்த ஏர்லைன்ஸ் கம்பெனியும் இன்றைக்கு வைத்திருக்கவில்லை. வைத்திருக்கும் கம்பெனிக்கு அது லாபமில்லை. லாபமாக இருந்திருக்கக்கூடிய ஒரு விமானத்தைத் தயாரிக்கும் யோசனையை, தயாரிக்க வேண்டியவர்களே கைவிட்டுவிட்டார்கள்.

ஊருக்கு ஏற்ற விமானத்தை ஏர்லைன்ஸ் வாங்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது தலைகீழ். முதலில் விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு அது இறங்கக்கூடிய ஊர்களைத் தேடுகிறார்கள். எனவே சின்ன ஊர்களின் தலையெழுத்து, பழைய விமானங்களைக் கழித்துவிட்டுப் புதியவற்றை எடுக்கும் அந்த ஒரு கூட்டத்தில் எழுதப்படுகிறது. அந்தக் கூட்டத்தில் என்னதான் பேசுவார்கள்?

முதல் கணக்கு, ஷேர் ஆட்டோ கணக்கு. ஒரு பஸ்ஸை காட்பாடியிலிருந்து பாகாயம் வரை ஓட்ட மொத்தச் செலவு அதிகம், ஆனால் அறுபது பேர் ஏறினால் தலைக்கு ஆகும் செலவு குறைவு. ஷேர் ஆட்டோவுக்கு மொத்தச் செலவு குறைவு, தலைக்கு அதிகம். பஸ்ஸில் இருபது பேர்தான் ஏறுவார்கள் என்றால் பஸ்காரர் நஷ்டப்படுவார், அதே சாலையில் ஆட்டோக்காரர் பிழைத்துக்கொள்வார். விமானத்திலும் இதே இரண்டு எண்கள்தான்: ஒரு தடவை பறக்க ஆகும் செலவு, ஓர் இருக்கைக்கு ஆகும் செலவு. 180 பேர் உட்காரும் ஏர்பஸ் ஏ320 இருக்கைக் கணக்கில் ராஜா. ஆனால் சேலத்தில் தினமும் 180 பேர் ஏற வேண்டுமே! அதனால்தான் 50 முதல் 80 பேர் வரை உட்காரும், விசிறி சுழலும் டர்போபிராப் விமானங்கள் இன்னமும் உயிரோடு இருக்கின்றன.

பயணிகளுக்கு இந்த விசிறி விமானத்தைக் கண்டாலே ஓர் இளக்காரம். பழைய காலத்து வண்டி என்று நினைப்பு. உண்மையில் குறைந்த தூரத்துக்கு அதுதான் புத்திசாலி வண்டி. 300 கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 510 கி.மீ. போகும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு அந்தத் தூரம் 35 நிமிடம். 660 கி.மீ. போகும் பம்பார்டியர் கியூ400-க்கு 27 நிமிடம். வெறும் காகிதக் கணக்கிலேயே வித்தியாசம் 8 நிமிடம்தான். மேலே ஏறுவது, இறங்குவது, ஓடுதளத்தில் உருள்வது எல்லாம் சேர்ந்தால் அது இன்னும் சுருங்கிவிடும். அந்தச் சில நிமிடத்துக்காகக் கூடுதல் எரிபொருள் எரிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் ஒரு ஏர்லைன்ஸ் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போவதுண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கேள்வியின் கனம் புரியும்.

கொஞ்சம் பழைய கதை. 1953-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தபோது அதன் கையில் இருந்த 99 விமானங்களில் 74 டக்கோட்டாக்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து மலிவாகக் கிடைத்தவை. அவற்றுக்கு மாற்று தேடும் வேலை உலகம் முழுக்கவே நடந்தது. அப்படி வந்ததுதான் ஆவ்ரோ 748. கான்பூரில் எச்.ஏ.எல். அதைத் தயாரித்தது, முதல் விமானம் 1961 நவம்பரில் பறந்தது. நம் நாட்டில் தயாராகிறது என்பதால் இந்தியன் ஏர்லைன்ஸும் வாங்கியது. கூடவே ஃபாக்கர் எஃப்27. பிறகு 1981-ல் வாயுதூத் வந்தது. சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போவது என்ற கனவோடு, 19 பேர் உட்காரும் டோர்னியர் 228 விமானங்களை ஓட்டியது. நஷ்டத்தில் மூழ்கி, 1990-களில் இந்தியன் ஏர்லைன்ஸோடு கரைந்தது. கவனித்துப் பார்த்தால், இந்தக் கதையில் ஓர் இடத்திலும் ஊர்க்காரர்களைக் கேட்டு விமானம் வாங்கவில்லை. போர் மிச்சம் ஒரு முறை, உள்நாட்டுத் தயாரிப்பு ஒரு முறை, அரசாங்கக் கொள்கை ஒரு முறை என்று ஏதோ ஒன்று விமானத்தைத் தீர்மானித்தது. விமானம் ஊரைத் தீர்மானித்தது.

இனி சுவாரசியமான பகுதி. கடந்த இருபது வருடத்தில் நம் ஊர்களுக்கு வந்த சின்ன விமானங்களின் இருக்கை எண்ணிக்கையைப் பாருங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005-ல் பறக்கத் தொடங்கிய பாரமவுன்ட் ஏர்வேஸின் எம்ப்ரேயர் ஜெட்களில் 70, 75. ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400-ல் 78. இண்டிகோவின் ஏ.டி.ஆர். 72-600-ல் 78. 2023 முதல் ஸ்டார் ஏர் ஓட்டும் எம்ப்ரேயர் 175-ல் 76. எல்லாம் 80-க்குக் கீழே வந்து பிரேக் போட்டு நிற்கின்றன. இது தற்செயலா?

இல்லை. உள்நாட்டுச் சேவையில் 80 இருக்கைக்குக் குறைவான விமானங்களுக்கு, இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் இறங்குவதற்கான கட்டணம் இல்லை என்று 2000-களில் சலுகை கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் எரிபொருள் வரி. விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் இஷ்டத்துக்கு வரி போட்டுக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டில் அது 29 சதவீதம் வரை இருந்தது. டர்போபிராப்களுக்கு மட்டும் 4 சதவீதம் என்று மத்திய அரசு முதலில் வரம்பு கட்டியது. 2007-ல் அந்த வரம்பு, புறப்படும்போது அதிகபட்ச எடை 40,000 கிலோவுக்குக் குறைவாக உள்ள எல்லா விமானங்களுக்கும் விரிந்தது, அதாவது சின்ன ஜெட்களுக்கும். 29 எங்கே, 4 எங்கே! ஒரு பொறியாளர் பத்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு எஞ்சினில் மிச்சம் பிடிப்பதை விட, சட்டத்தில் ஒரு வரி அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

பாரமவுன்ட் இந்த இரண்டு சலுகையையும் தன் வியாபாரத்தின் முதுகெலும்பாகவே வைத்துக்கொண்டது. எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ், குட்டி ஜெட், மதுரை, கோவை போன்ற ஊர்கள். ஏறிப் பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் விமானங்கள் சொந்தமல்ல, குத்தகை. குத்தகைக்குக் கொடுத்த நிறுவனத்தோடு தகராறு வந்தது, 2010-ல் விமானங்கள் கைவிட்டுப் போயின, கடை மூடியது. விமானத் தேர்வு சரியாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஐந்தாறு விமானம் மட்டும் வைத்திருப்பவரின் கழுத்து, எப்போதும் குத்தகைக்காரர் கையில் இருக்கும் என்பதுதான் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது. ஆந்திராவிலிருந்து 2013-ல் கிளம்பிய ஏர் கோஸ்டா, எம்ப்ரேயர் 170-உடன் பெரிய 190-ஐயும் எடுத்தது. 190 அந்த 40,000 கிலோ கோட்டைத் தாண்டிய விமானம். 2017-ல் அந்தக் கம்பெனியும் நின்றுபோனது. (காரணம் அது ஒன்றே என்று சொல்ல முடியாது. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெயில் கொஞ்சம் அதிகம்தான்.)

ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். கலாநிதி மாறன் கைக்கு வந்த வருடமான 2010-ல் ஸ்பைஸ்ஜெட் 15 கியூ400-களுக்கு ஆர்டர் கொடுத்தது, 2011-ல் அவை பறந்தன. வேகமான விமானம், ஜெட்டோடு ஓரளவு போட்டி போடும், கொஞ்சம் நீளமான தடத்திலும் போகலாம். 2017-ல் அதே ஸ்பைஸ்ஜெட் 50 கியூ400 வரை வாங்க ஒப்பந்தம் போட்டது, பட்டியல் விலை 170 கோடி டாலர். அதே 2017-ல் இண்டிகோ 50 ஏ.டி.ஆர். வரை எடுப்பதாக அறிவித்தது, பட்டியல் விலை 130 கோடி டாலர். ஒரு விமானத்துக்கு 34 மில்லியன் எதிர் 26 மில்லியன். பட்டியல் விலையை யாரும் கொடுப்பதில்லை, மொத்தமாக வாங்குபவர்களுக்குத் தள்ளுபடி உண்டு. ஆனாலும் எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்று தெரிகிறது.

இண்டிகோவுக்கு இது சின்ன முடிவல்ல. 2006-ல் ஆரம்பித்ததிலிருந்து ஏ320 குடும்பம் ஒன்றே அதன் கொள்கை. ஒரே வகை விமானம் என்றால் எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், ஒரே உதிரி பாகம், ஒரே பயிற்சி. இரண்டாவது வகை சேர்த்தால் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி, மெக்கானிக்குக்குத் தனி உரிமம், கிடங்கில் தனி அலமாரி. அதனால்தான் இரண்டு மூன்று எடுத்துப் பார்க்காமல், ஒரேயடியாக ஐம்பது என்ற எண்ணோடு இறங்கினார்கள். இரண்டாவது சமையலறை கட்டுவதென்றால் கல்யாண மண்டபத்துக்குத்தான் கட்டுபடியாகும், நாலு பேர் குடும்பத்துக்கு அல்ல. 2017 டிசம்பரில் முதல் ஏ.டி.ஆர். பறந்தது. இன்று சேலம், தூத்துக்குடி என்று தமிழ்நாட்டின் நடுத்தர ஊர்களில் இண்டிகோ பெயர் தெரிவது அந்த முடிவால்.

ஸ்பைஸ்ஜெட்டின் இரண்டாவது ஆர்டரில் சில விமானங்களே வந்தன. எடுக்காத விமானங்களுக்காக விவகாரம் 2021-ல் லண்டன் நீதிமன்றம் வரை போனது. பம்பார்டியர் 2019-ல் அந்தத் தொழிலையே விற்றுவிட, வாங்கிய டி ஹாவிலண்ட் கனடா 2021-ல் கியூ400 உற்பத்தியை நிறுத்தியது. தயாரிப்பு நின்ற விமானத்தை வைத்திருப்பது, கம்பெனி மூடிய பைக்கை வைத்திருப்பது போல. ஓடும். ஆனால் விற்கப் போகும்போது தெரியும்.

விமானத்தை எடுத்த பிறகு அதன் குணம் தெரியவருவதும் உண்டு. 2007-ல் ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனத்தின் கியூ400-களில் சில வாரங்களுக்குள் மூன்று முறை இறங்கு சக்கரம் மக்கர் செய்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த அக்டோபரில் எஸ்.ஏ.எஸ். அந்த வகை விமானங்களையே ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டது. பயணி அந்த விமானத்தைப் பார்த்ததும் பின்வாங்கினால், இருக்கைச் செலவு எவ்வளவு குறைவாக இருந்தும் பிரயோஜனமில்லையே.

இப்படி ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டதில், இன்று 40 முதல் 80 பேர் வரைக்குமான டர்போபிராப் வேண்டுமென்றால் ஏ.டி.ஆர். வாசலில்தான் போய் நிற்க வேண்டும். ஃபாக்கர் 1990-களில் திவால். சாப் 340 தயாரிப்பு 1999-ல் முடிந்தது. சின்ன டாஷ் 8-கள் 2009-ல் முடிந்தன. தேர்வு என்று நாம் சொல்வதெல்லாம் பல நேரம் தேர்வே இல்லை. கடையில் ஒரே சோப்புதான் இருக்கிறது.

இனி ஓடுதளம். தூத்துக்குடியில் பல ஆண்டுகள் 1,350 மீட்டர் ஓடுதளம்தான். அதற்குள் ஏ.டி.ஆர்., கியூ400 இரண்டும் இறங்கி ஏறின, ஜெட் முடியாது. எனவே தூத்துக்குடி டர்போபிராப் ஊராகவே இருந்தது. பிறகு ஓடுதளத்தை 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்தார்கள். இலங்கையில் பலாலி ஓடுதளத்தில் 1,400 மீட்டரைச் சீர்செய்து 2019-ல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தபோது, சென்னையிலிருந்து முதலில் போய் இறங்கியது அலையன்ஸ் ஏரின் ஏ.டி.ஆர். ஜெட் மட்டுமே வைத்திருந்த கம்பெனிகளுக்கு அந்த வாசல் திறக்கவே இல்லை. 2024-ல் இண்டிகோ அங்கே போனதும் ஏ.டி.ஆர். இருந்ததால்தான். சிம்லாவில் ஓடுதளம் மலை உச்சியைச் சீவிப் போட்டது. அங்கே 72 ஒத்துவராது என்று 48 பேர் உட்காரும் ஏ.டி.ஆர். 42-600-ஐ அலையன்ஸ் ஏர் எடுத்தது, 2022 செப்டம்பரில் டெல்லி சேவை மறுபடி தொடங்கியது. அதிலும் எல்லா இருக்கையையும் நிரப்பிக்கொண்டு கிளம்ப முடியாது, ஆட்களைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

ஏன் குறைக்க வேண்டும்? உயரம் கூடினால் காற்று மெலியும், வெப்பம் கூடினாலும் மெலியும். மெலிந்த காற்றில் இறக்கைக்கும் விசிறிக்கும் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். எனவே விமானம் தரையை விட்டு எழும்ப இன்னும் நீளமாக ஓட வேண்டும், அல்லது எடையைக் குறைக்க வேண்டும். வேலூர் மலையூர் அல்ல. ஆனால் வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனி விளம்பரத்தில் போட்டிருக்கும் ஓடுதள நீளம் எல்லாம் கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிரில் எடுத்த கணக்கு. மே மாதம் மதியம் 41 டிகிரியில் அப்துல்லாபுரத்தில் நிற்கும் விமானத்துக்கு அந்தத் துண்டுப் பிரசுரம் தெரியாது :-)

அப்துல்லாபுரம் ஓடுதளம் ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. ஏ.டி.ஆர். 72-க்குக் குளிர்ந்த நாளிலேயே முழுச் சுமையோடு 1,300 மீட்டர் வேண்டும். அப்படியானால் மிஞ்சுவது 19 இருக்கை ரகம். நியாயமாக இந்த இடத்தில் வேலூருக்கு ஒரு நல்ல செய்தி வந்திருக்க வேண்டும். 2019-ல் ஏ.டி.ஆர். நிறுவனம் 42-600எஸ் என்ற ஒரு மாதிரியை அறிவித்தது. 800 மீட்டர் ஓடுதளத்தில் 40 பேரோடு ஏறி இறங்குவதற்கென்றே யோசித்த விமானம். வேலூர் மாதிரி ஓடுதளங்களை நினைத்துச் செய்தது போலவே இருந்தது. 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்குச் சந்தை இல்லையாம்.

இது வேலூருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. நார்வேயில் கடலும் மலையும் பிரித்துப்போட்ட ஊர்களை இணைக்க 1960-களின் கடைசியிலிருந்து 800 மீட்டர் அளவில் வரிசையாகக் குட்டி ஓடுதளங்கள் போட்டார்கள். அங்கே பறக்கும் விடேரோ என்ற கம்பெனி முதலில் டிவின் ஆட்டர், பிறகு டாஷ் 7, 1990-களில் டாஷ் 8-100 என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் மாற்று எடுத்துக்கொண்டே வந்தது. இப்போது அந்த டாஷ் 8-களுக்கு வயது முப்பதைத் தாண்டுகிறது. அதே ஓடுதளத்தில் அதே ஆட்களோடு இறங்கும் புது விமானம் சந்தையில் இல்லை. பணம் இருக்கிறது, அரசு மானியம் இருக்கிறது, பயணி இருக்கிறார், விமானம்தான் இல்லை. நார்வேக்கே இந்த நிலைமை.

19 இருக்கை விமானத்தை வைத்தே பிழைக்க முடியாதா என்றால், முயன்று பார்த்தவர்கள் கதை தயாராக இருக்கிறது. 2017 மார்ச்சில் உடான் முதல் சுற்றில் ஐந்து கம்பெனிகளுக்கு 128 வழித்தடங்கள் கொடுத்தார்கள். அதில் ஏர் ஒடிசாவுக்கு 50, ஏர் டெக்கானுக்கு 34. ஆக 84 தடங்கள், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, பீச்கிராஃப்ட் 1900 போன்ற 19 இருக்கை விமானத்தை நம்பியவை. சில தடங்கள் கொஞ்ச நாள் ஓடின, மீதி ஓடவே இல்லை, கடைசியில் உரிமைகள் ரத்தாகின. மீதி மூன்று பேர் வைத்திருந்தது ஏ.டி.ஆர்., கியூ400 ரகம். பிற்பாடு உயிரோடு இருந்த தடங்கள் பெரும்பாலும் இவர்களுடையவை.

காரணம் ரொம்ப எளிது. 70 பேர் விமானத்துக்கும் இரண்டு விமானி, 19 பேர் விமானத்துக்கும் இரண்டு விமானி. அந்தச் சம்பளத்தை 70 தலையில் வகுப்பது வேறு, 19 தலையில் வகுப்பது வேறு. அந்த விமானியும் பறந்த மணிக்கணக்கு சேர்ந்ததும் பெரிய கம்பெனிக்குப் போய்விடுவார். 19 என்ற எண்ணே ஒரு சட்டத்தின் குழந்தைதான்: இருபதாவது இருக்கை வந்தால் பணிப்பெண்ணோ பணியாளரோ ஒருவர் கட்டாயம். மறுபடியும் பாருங்கள், பொறியியல் அல்ல, விதிமுறை.

உடானில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். பாதி இருக்கைகளை அந்த விலைக்குக் கொடுக்க வேண்டும், இழப்பை மூன்று வருடத்துக்கு அரசு ஈடுகட்டும். மூன்று வருடம் கழித்து? 2023-ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொல்கிறது: மூன்றாம் சுற்று வரை கொடுத்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்று வருடம் முழுதாக ஓடியவை 112. அதன் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. சேலமே இதற்கு நல்ல உதாரணம். 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போனது. 2018-ல் உடானில் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. நான்கு கம்பெனிகளும் கொண்டுவந்தது ஏ.டி.ஆர். தான். விமானம் சரியாகவே இருந்தது, கம்பெனிதான் மாறிக்கொண்டே இருந்தது. குறைந்தபட்சம் ஓடுதளம் 1,800 மீட்டர் இருந்ததால் ஒருவர் போனால் இன்னொருவர் வர முடிந்தது. வேலூருக்கு அந்த வசதி இல்லை.

சரி, வேலூருக்கு யார் பறந்து வருவார்கள்? சென்னையிலிருந்து வர மாட்டார்கள். 140 கிலோமீட்டர் தூரத்துக்கு விமானம் ஏறுவது, பக்கத்துத் தெருவுக்கு ஆட்டோ பிடிப்பது மாதிரி. 2022 நவம்பரில் வந்த மைசூர் வந்தே பாரத், சென்னையிலிருந்து காட்பாடிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்து விடுகிறது. சென்னை விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து வரிசையில் நிற்கவே அந்த நேரம் சரியாக இருக்கும். வேலூரின் நிஜமான பயணி வேறு ஆள். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சி.எம்.சி.க்கு வரும் நோயாளி. காட்பாடி ஸ்டேஷனில் அரை மணி நேரம் நின்றாலே தெரியும், ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கும் வங்காளிக் குடும்பங்கள். சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜ் பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து இருப்பது இவர்களுக்காகத்தான்.

கொல்கத்தா இங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர். 19 இருக்கை விமானத்துக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத தூரம், ஏ.டி.ஆர். 72-க்கும் எல்லைக்கோடு. ஆனால் ஹைதராபாத் 480 கிலோமீட்டர்தான். ஏ.டி.ஆருக்கு அளவெடுத்துத் தைத்த தூரம். அங்கே இறங்கினால் கொல்கத்தாவுக்கும் குவாஹாட்டிக்கும் ஜெட் மாறலாம், ஒரே டிக்கெட்டில், சக்கர நாற்காலி உதவியோடு. ஆக வேலூருக்கு அர்த்தமுள்ள விமானம் என்று ஒன்று இருந்தால் அது ஹைதராபாத் போகும் ஏ.டி.ஆர். அதற்கு ஓடுதளம் ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்காவது வேண்டும். இருக்கும் நீளத்தில் 19 இருக்கை விமானத்துக்கு என்று செலவழிப்பது, வராத மாப்பிள்ளைக்குப் பந்தல் போடும் வேலை. போட்டு முடித்த பந்தலுக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும்: பாதுகாப்பு ஆட்கள், தீயணைப்பு வண்டி, விளக்கு.

நீட்டுவதென்றால் நிலம் வேண்டும். நிலம் என்றால் யாரோ ஒருவருடைய கிணறும் தென்னையும். இங்கேதான் ஜவ்வாது மலையை மறுபடி திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலூரில் விமானம் வந்தால் மலைக்கும் சேர்த்து வளர்ச்சி, சாமையும் தேனும் புளியும் விமானம் ஏறும் என்றெல்லாம் பேசுவது கேட்க நன்றாக இருக்கும். சாமை மூட்டை விமானம் ஏறாது, அது லாரியில்தான் போகும், அதற்குச் சாலை வேண்டும். 2023 மே மாதம் இதே வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேராமல் இறந்தது. திரும்பும்போதும் வண்டி மேலே போக வழியில்லாமல், பாதியில் இறக்கிவிடப்பட்ட தாய் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். வெளிமாநில நோயாளிகள் ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து வந்து சேரும் அதே சி.எம்.சி. இருக்கும் மாவட்டம் இது.

விமான நிலையமே வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏ.டி.ஆர். இறங்கும் ஓடுதளம் என்றால் நிலம் எடுக்கப் பணம், நிஜமான பயணி, மாற்றி வரக்கூடிய நான்கைந்து கம்பெனி என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை வைத்து வாதாடலாம். 19 இருக்கை ஓடுதளத்துக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. கணக்கில்லாத இடத்தில் போகும் ஒவ்வொரு கோடியையும் மலைச் சாலைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை டெண்டர் விடுவதற்கு முன்னால் மாவட்டத்து எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் விமானத் துறையிடம் எழுத்தில் வாங்க வேண்டியது ஒரே ஒரு பக்கம். எந்த விமானம்? இன்று அதை இந்தியாவில் யார் வைத்திருக்கிறார்கள்? அவர்களுடைய குத்தகை எப்போது முடிகிறது, முடிந்தால் மாற்றாக எதை எடுக்கப் போகிறார்கள்? மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அப்துல்லாபுரத்திலிருந்து அது எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும்?